பெட்டிக்குள் யூனிக்ஸ் – 11: ஒரே கோப்பில் ஒரு ஃபயர்வால்

சென்ற வாரம் அன்ட்ஷெய் பியாவெட்ஸ்கியின் பைக்கோபிஎஸ்டியோடு நிறுத்தியிருந்தோம். 1998-இல், 1.44 மெகாபைட் ஃப்ளாப்பி ஒன்றுக்குள் ஃபிரீபிஎஸ்டி கெர்னலையும் அத்தியாவசியக் கட்டளைகளையும் அடைத்துக் காட்டிய முயற்சி அது. பழைய கணினி ஒன்றில் அந்த ஃப்ளாப்பியைப் போட்டால் ரூட்டர் தயார். ஆனால் அதை ஓட்டுவதற்கு யூனிக்ஸ் தெரிந்த ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கட்டளை வரியைக் கண்ணால் பார்த்திராத ஒருவர்கூட வாங்கிவந்து, செருகி, பிறகு அப்படியொரு பெட்டி வீட்டில் இருப்பதையே மறந்துவிடும் அளவுக்கு ஃபிரீபிஎஸ்டியைப் பழக்கியெடுத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவேல் காஸ்பர். அவருடைய மோனோவாலின் முதல் சோதனைப் பதிப்பு 2003 பிப்ரவரி 15 அன்று வெளிவந்தது.

அது ஓடிய பலகையிலிருந்து தொடங்குகிறேன். மோனோவாலின் குணங்களில் பாதி அந்தப் பலகை விதித்தவை.

கலிஃபோர்னியாவில் சோரன் கிறிஸ்டென்சன் நடத்திய சோக்ரிஸ் என்ஜினியரிங் நிறுவனத்தின் தயாரிப்பு நெட்4501. இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஎம்டி ஈலான் எஸ்சி520 சிப். 486 தலைமுறையைச் சேர்ந்தது. 64 மெகாபைட் ரேம். மூன்று ஈதர்நெட் போர்ட், ஒரு சீரியல் போர்ட், காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை செருக ஓரிடம். விசிறி இல்லை, ஹார்டு டிஸ்க் இல்லை. மானிட்டரையும் கீபோர்டையும் இணைக்க வழியே இல்லை. பலகையோடு பேச வேண்டுமானால் சீரியல் கேபிள் ஒன்றுதான் துணை. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பலகையின் பயாஸ் 19200 பாட் வேகத்தில் பேசும். ஃபிரீபிஎஸ்டி 9600-இல் பேசும். முதன்முறை இயக்குபவருக்கு பயாஸ் எழுத்துகள் சரியாகத் தெரியும். பூட் ஆகத் தொடங்கியதும் திரை முழுக்கக் குப்பை எழுத்துகளாக வரும். பயாஸுக்குள் போய் வேகத்தை 9600 ஆக்குவதுதான் நிறுவலின் முதல் வேலை.

வீடுகளுக்கு டிஎஸ்எல் வந்து, இணைப்பு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கத் தொடங்கியிருந்த காலம் அது. வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே காவலுக்கு ஏதாவது வேண்டும் என்று நினைத்தவர்கள் பழைய பென்டியம் கணினியில் இரண்டு நெட்வொர்க் அட்டைகளைச் செருகி, மூலையில் ஓடவிட்டார்கள். இரைச்சல், சூடு, மின்கட்டணம், என்றைக்காவது நின்றுபோகும் ஹார்டு டிஸ்க். நெட்4501 இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒரேயடியாகத் தீர்த்தது. பதிலுக்கு, யூனிக்ஸ் தன் பிறவியிலிருந்து நம்பிவந்த இரண்டு விஷயங்களை அது பறித்துக்கொண்டது.

முதலாவது, முறையாக அணைப்பார்கள் என்ற நம்பிக்கை. யூனிக்ஸ் எந்நேரமும் வட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும். லாக் எழுதும், தற்காலிகக் கோப்புகளை எழுதும், ஒரு கோப்பைக் கடைசியாகப் படித்த நேரத்தைக்கூடக் குறித்துவைக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அடுத்த முறை பூட் ஆகும்போது வட்டைச் சோதித்துச் சீர்செய்ய வேண்டும். அந்தச் சீர்செய்தல் சிலசமயம் நடுவில் நின்று, மனிதர் ஒருவரின் பதிலுக்காகக் காத்திருக்கும். ரூட்டர் பெட்டியை யாரும் முறையாக அணைப்பதில்லை, பிளக்கைப் பிடுங்குவார்கள். காத்திருக்கும் கேள்வியைக் காட்ட அதற்குத் திரையும் இல்லை.

இரண்டாவது, எழுத எழுத வட்டு தாங்கும் என்ற நம்பிக்கை. ஃப்ளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுத முடியும். வழக்கமான யூனிக்ஸை அப்படியே காம்பாக்ட் ஃப்ளாஷில் ஏற்றி ஓடவிட்டால், லாக் எழுதியே அட்டையைத் தேய்த்துவிடும்.

அட்டையைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டிவைத்து, மாறும் கோப்புகளை ரேமில் வைத்துக்கொள்ளும் வழி காஸ்பருக்கு முன்பே தெரிந்ததுதான். சோக்ரிஸ் வைத்திருந்த பலரும் தங்களுக்கென்று அப்படி ஒன்றை ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். காஸ்பர் எதிர்கொண்டது வேறொரு கேள்வி. ஒருவர் தன் அமைப்பை மாற்றினால், அந்த மாற்றம் எங்கே போய்த் தங்குவது?

யூனிக்ஸில் அமைப்பு விவரங்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. நெட்வொர்க் முகவரி ஒரு கோப்பில், ஃபயர்வால் விதிகள் இன்னொன்றில், முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவைக்கு மூன்றாவது, விபிஎன்னுக்கு நான்காவது, கடவுச்சொல்லுக்கு ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இலக்கணம். ஒன்றில் அரைப்புள்ளியை விட்டால் சேவை எழாது. இன்னொன்றில் ஒரு வரி இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். வெப்மின் போன்ற வலைப்பக்க நிர்வாகக் கருவிகள் அப்போதே உண்டு. அவை இந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, புரிந்துகொண்டு, திருத்தி எழுதின. காஸ்பரும் முதலில் தன் ஃபயர்வாலுக்கு அப்படியொரு வலைப்பக்கம்தான் எழுதத் தொடங்கினார். ஷெல் கட்டளை ஒன்றுகூடத் தட்டாமல் எல்லாவற்றையும் உலாவியிலிருந்தே செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. எழுதிக்கொண்டு போகையில், இன்னொரு வெப்மின்னைத்தான் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது.

முட்டுக்கட்டை ஃபயர்வால் விதிகளில் வந்தது. வலைப்பக்கத்தில் ஒருவர் ஐந்தாறு விதிகளைப் பதிவார். ஆனால் பேக்கெட் ஃபில்டருக்குத் தர வேண்டிய பட்டியல் அதைவிடப் பலமடங்கு நீளம். எந்தக் கேபிளில் எந்த முகவரி வரலாம் என்ற பொய்முகவரித் தடுப்பு விதிகள், விபிஎன் இருந்தால் அதற்குரிய திறப்புகள், முகவரி மாற்றத்துக்கான வரிகள் என எல்லாவற்றையும் சரியான வரிசையில் கோக்க வேண்டும். பூட் நேரத்தில் இதைச் செய்ய யூனிக்ஸ் தந்த கருவி ஷெல் ஸ்கிரிப்ட். அதில் இது நடக்கிற காரியமாக இல்லை. இதற்கென்றே காஸ்பர் சி மொழியில் தனியாக ஒரு நிரல் எழுத வேண்டியிருந்தது.

அங்கேதான் அவர் அந்த முடிவை எடுத்தார். வலைப்பக்கங்கள் ஏற்கெனவே பிஎச்பியில் இருந்தன. பெட்டி பூட் ஆகும்போது ஷெல் ஸ்கிரிப்ட் செய்யும் வேலையையும் பிஎச்பியிடமே ஏன் கொடுக்கக்கூடாது? அப்படிக் கொடுத்துவிட்டால், ஷெல் படிப்பதற்காக அமைப்பு விவரங்களைத் தனித்தனி உரைக் கோப்புகளில் வைக்க வேண்டிய தேவையே போய்விடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் வைக்கலாம். வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாமல், உள்ளே முழுவதையும் அவர் மறுபடி எழுதினார்.

இதை இன்று வாசிக்கும்போது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைய யூனிக்ஸ்காரர் ஒருவரிடம், வலைப்பக்கம் எழுதும் மொழியை வைத்து இயங்குதளத்தையே எழுப்பப்போகிறேன் என்று சொன்னால் முகம் சுளித்திருப்பார். பூட் நேர அமைப்பு முழுவதையும் பிஎச்பியில் செய்த முதல் யூனிக்ஸ் அமைப்பு இதுவாகத்தான் இருக்கும் என்று மோனோவால் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அது வீண்பெருமை அல்ல என்றே நான் கருதுகிறேன்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் என்ன நடக்கும் என்று பார்ப்போம். கெர்னலும், அழுத்திவைக்கப்பட்ட கோப்பு முறைமை ஒன்றும் அட்டையிலிருந்து ரேமுக்கு ஏறும். அத்தோடு அட்டையின் வேலை ஏறக்குறைய முடிந்தது; இயங்குதளம் முழுவதும் இனி ரேமில்தான். சின்னதொரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுந்து, அட்டையைப் படிப்பதற்கு மட்டும் என்று இணைத்துவிட்டு, பிஎச்பியிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பிஎச்பி அட்டையிலுள்ள கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறக்கும். சிஸ்டம் என்ற பகுதியில் பெட்டியின் பெயர், கடவுச்சொல், நேர மண்டலம். இன்டர்ஃபேசஸ் என்ற பகுதியில் எந்தப் போர்ட் வீட்டுப் பக்கம், எந்தப் போர்ட் இணையப் பக்கம். ஃபில்டர் என்ற பகுதியில் விதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதை எழுதியவரின் குறிப்பு. இதிலிருந்து யூனிக்ஸ் எதிர்பார்க்கும் அத்தனை கோப்புகளையும், அவற்றின் வெவ்வேறு இலக்கணங்களோடு, பிஎச்பி ரேமில் உருவாக்கும். தினமும் வாசலைப் பெருக்கிவிட்டு அதே கோலத்தை முதல் புள்ளியிலிருந்து மறுபடி போடுவதைப் போல, ஒவ்வொரு பூட்டிலும் பெட்டி தன்னை முழுதாக மறுபடி எழுதிக்கொள்ளும். நேற்றைய மிச்சம் என்று உள்ளே எதுவும் இருக்காது.

இனி ஒரு விதியை மாற்றிச் சேமிக்கும் தருணம். வலைப்பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும், அட்டை ஒரு கணம் எழுதும் நிலைக்கு மாறும், கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் எழுதப்படும், அட்டை உடனே படிக்கும் நிலைக்குத் திரும்பும். பிறகு விதிகளை அமல்படுத்தும் சார்பு அழைக்கப்படும். பூட் நேரத்தில் அழைக்கப்படுவதும் அதே சார்புதான். இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வழக்கமான சர்வரில், ஓடிக்கொண்டிருக்கும்போது கையால் செய்த மாற்றம் ஒன்று, அதைக் கோப்பில் எழுத மறந்ததால் மறு பூட்டில் காணாமல் போவது நிர்வாகிகளுக்குப் பழக்கமான அவஸ்தை. மோனோவாலில் ‘இப்போதைய நிலை’, ‘அடுத்த பூட்டின் நிலை’ என்று இரண்டு கிடையாது.

இதிலிருந்து பல வசதிகள் இலவசமாகக் கிடைத்தன. காப்பு நகல் என்றால் அந்த ஒரு கோப்பைப் பதிவிறக்கிக்கொள்வது. பெட்டி எரிந்துபோனால் வேறு பெட்டியில் அதே கோப்பை ஏற்றினால் போதும். தொழிற்சாலை நிலைக்குத் திரும்ப வேண்டுமா, கோப்பைத் தொடக்கநிலைக் கோப்பால் மாற்றினால் முடிந்தது. கோப்புக்குள் பதிப்பு எண் ஒன்றும் உண்டு. பழைய எண்ணைக் கண்டால் புதிய மோனோவால் தானே அதைப் புது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். இயங்குதளம் ரேமில் ஓடுவதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டையில் புதிய பதிப்பை முழுதாக எழுதிவிட்டு, கோப்பை மட்டும் திருப்பி வைத்து மறு பூட் செய்யலாம். தொடக்கப் பதிப்புகளுக்கு 8 மெகாபைட் அட்டையே போதுமானதாக இருந்தது.

முதன்முறை நிறுவுபவர் சீரியல் கேபிளில் பார்ப்பது ஒரு சிறிய பட்டியல் மட்டுமே. போர்ட்டுகளை ஒதுக்குவது, உள் முகவரியை வைப்பது, கடவுச்சொல்லை மீட்பது, தொழிற்சாலை நிலை, மறு பூட். நெட்4501-இன் மூன்று போர்ட்டுகளும் எஸ்ஐஎஸ்0, எஸ்ஐஎஸ்1, எஸ்ஐஎஸ்2 என்று தெரியும். எது எது என்று புரியாதவருக்கு ஒரு வழி செய்திருந்தார் காஸ்பர். எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, கேட்கும்போது ஒன்றை மட்டும் செருகி என்டர் தட்டினால், எந்தப் போர்ட் உயிர்பெற்றது என்று பெட்டியே கண்டுகொள்ளும். அதன்பின் உலாவியில் 192.168.1.1 என்று தட்ட வேண்டியதுதான். சீரியல் கேபிளை எடுத்து வைத்துவிடலாம்.

ஒரே மனிதரின் கைவண்ணம் என்றாலும், உள்ளே ஓடியவை பலருடையவை. பேக்கெட்டுகளை வடிகட்டியது ஆஸ்திரேலியரான டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டர். ஐபிசெக் விபிஎன்னுக்குச் சாவி பரிமாறிய ரக்கூன், ஜப்பானின் கேம் திட்டத்திலிருந்து வந்தது. பெயர் தேடலுக்கு சைமன் கெல்லியின் டிஎன்எஸ்மாஸ்க். இணைப்பின் வேகத்தைப் பங்கிட்டுக் கொடுத்த டம்மிநெட்டுக்கு வேறொரு பூர்வீகம். பீசா பல்கலைக்கழகத்தில் லுயிஜி ரிட்சோ, மெதுவான பிணையங்களை ஆய்வுக்காகச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்க எழுதியது அது. தாமதத்தைப் போலியாகச் செய்யத் தெரிந்த நிரலுக்கு, வீட்டில் ஒருவரின் பதிவிறக்கம் மற்றவரின் இணைப்பை விழுங்காமல் தடுக்கவும் தெரிந்திருந்தது.

இவற்றில் எம்பிடி என்ற நிரலை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். டிஎஸ்எல் இணைப்பில் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழையும் பிபிபிஓஈ வேலையை மோனோவாலில் செய்தது அதுதான். அதை எழுதியவர் ஆர்ச்சி காப்ஸ். எழுதிய இடம் கலிஃபோர்னியாவின் விசில் கம்யூனிகேஷன்ஸ். சிறு அலுவலகங்களுக்கான இன்டர்ஜெட் என்ற இணையப் பெட்டியை 1990-களின் பிற்பகுதியில் விற்ற நிறுவனம் அது. அந்தப் பெட்டிக்குள் ஓடியதும் ஃபிரீபிஎஸ்டிதான். காப்ஸும் ஜூலியன் எலிஷரும் அங்கே உருவாக்கிய நெட்கிராஃப் என்ற கெர்னல் பகுதியை நிறுவனம் ஃபிரீபிஎஸ்டிக்கே திருப்பித் தந்தது. பிஎஸ்டி உரிமம் அப்படித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. 1999-இல் விசிலை ஐபிஎம் வாங்கியது. இன்டர்ஜெட் பெட்டி சந்தையிலிருந்து மறைந்தது. ஆனால் அதற்காக எழுதப்பட்டவை ஃபிரீபிஎஸ்டிக்குள் தங்கியிருந்ததால், சில ஆண்டுகள் கழித்து இன்னொரு பெட்டியைச் செய்த ஒரு சுவிஸ்காரருக்குக் கையில் கிடைத்தன. தராமல் பூட்டிவைத்திருந்தால் அந்த உழைப்பு நிறுவனத்தோடு போயிருக்கும்.

சோதனைப் பதிப்புகள் சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒன்று வந்தன. முதல் வெளியீட்டிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, 2004 பிப்ரவரி 15 அன்று 1.0 வந்தது. நெட்4501-இல் அது நொடிக்குச் சுமார் 17 மெகாபிட் கடத்தியது. அன்றைய வீட்டு இணைப்புகளுக்குத் தாராளம். சூரிச்சை அடுத்த கிளாட்ப்ரூக்கில் பாஸ்கல் டோர்னியர் நடத்திய பிசி என்ஜின்ஸ் நிறுவனத்தின் ராப் பலகைக்கும் தனிப் பதிப்பு வந்தது.

பயனர்கள் பெருகியதும் கோரிக்கைகளும் பெருகின. தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச் வேண்டும், இடைச்சேமிப்பு புராக்ஸி வேண்டும், கூடுதல் நிரல்களைச் சேர்க்க வசதி வேண்டும். காஸ்பர் இசையவில்லை. இது ஃபயர்வால், பொதுக்கணினி அல்ல என்பதில் அவர் உறுதியாக நின்றார். 64 மெகாபைட் ரேமில் இயங்குதளம் முழுவதையும் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சேர்க்கைக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் மறுத்தது சரி என்பதே என் எண்ணம். மறுத்ததால் பிரிந்து போனவர்கள் செய்ததும் சரிதான்.

2004-இல் கிறிஸ் பியூக்லரும் ஸ்காட் உல்ரிக்கும் மோனோவால் நிரலை எடுத்துக்கொண்டு தனிவழி போனார்கள். ஹார்டு டிஸ்க் உள்ள முழுக்கணினிகளையே முதலில் மனதில் வைத்த அந்தக் கிளைதான் பிஎஃப்சென்ஸ். பெயரில் உள்ள பிஎஃப், ஓபன்பிஎஸ்டியின் பேக்கெட் ஃபில்டர். அதற்கும் மோனோவாலின் ஐபிஃபில்டருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. திருத்திய வடிவத்தை வெளியிட உரிமம் அனுமதிக்கிறதா என்ற தகராறில் 2001-இல் ஓபன்பிஎஸ்டி ஐபிஃபில்டரைத் தூக்கி எறிந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப டேனியல் ஹார்ட்மையர் எழுதியதுதான் பிஎஃப். அவரும் சுவிட்சர்லாந்துக்காரரே. அது ஃபிரீபிஎஸ்டி 5.3-க்குள் வந்ததும் பிஎஃப்சென்ஸுக்குத் தளம் தயாரானது.

அந்த 5-ஆம் தலைமுறை ஃபிரீபிஎஸ்டிதான் மோனோவாலுக்குத் தலைவலியாக வந்தது. பல பிராசசர்கள் கொண்ட பெரிய கணினிகளுக்காகக் கெர்னலின் பூட்டுமுறை முழுவதும் அதில் மாற்றியமைக்கப்பட்டது. சர்வர்களுக்கு அது அவசியம். ஒற்றை 486-க்கு அது வீண் சுமை. 1.2-இன் சோதனைப் பதிப்புகள் 5.3-க்கு மாறி, வேகம் குறைந்ததைப் பார்த்து, 4.11-க்கே திரும்பின. பெரிய இயங்குதளத்தின் தோளில் ஏறிப் பயணிக்கும் சிறிய பெட்டி, அது திரும்பும் பக்கமெல்லாம் திரும்ப முடியாது என்பதை இந்தத் தொடரில் இன்னும் சில இடங்களில் பார்க்கப்போகிறோம். 1.3-இல்தான் மோனோவால் ஃபிரீபிஎஸ்டி 6-க்குப் போனது.

கிளைகள் ஃபயர்வாலோடு நிற்கவில்லை. 2005-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே கோஷார்-லாபே, மோனோவாலிலிருந்து ஃபயர்வாலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கோப்புப் பகிர்வைப் பொருத்தினார், ஃபிரீநாஸ் பிறந்தது. மைக்கேல் இடீமா அதே எலும்புக்கூட்டில் ஆஸ்டரிஸ்க் தொலைபேசி மென்பொருளை ஏற்றி அஸ்கோசியா என்ற இணைப்பகத்தைச் செய்தார். இருவருமே மோனோவாலிலிருந்து எடுத்துக்கொண்டது ரேமில் ஏறும் இயங்குதளம், பிஎச்பி பூட், ஒற்றை எக்ஸ்எம்எல் கோப்பு ஆகிய மூன்றையும்தான். காஸ்பர் செய்தது ஃபயர்வால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, எந்த ஒற்றைப் பணிக் கருவிக்கும் பொருந்தும் சட்டகம் ஒன்றை அவர் செய்துவைத்திருந்தார்.

2014 ஜனவரியில் வந்த 1.8-தான் மோனோவாலின் கடைசிப் பெரிய பதிப்பு. 2015 பிப்ரவரி 15 அன்று, முதல் வெளியீட்டின் பன்னிரண்டாம் ஆண்டு நாளில், திட்டம் முடிவடைந்தது என்று காஸ்பர் அறிவித்தார். உலகம் நகர்ந்துவிட்டது, இன்று இதைவிட நல்ல தீர்வுகள் இருக்கின்றன என்று நேராகவே சொன்னார். கைவிடப்பட்ட மென்பொருளை நம்பிப் பயனர்கள் காலம் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, போகவேண்டிய இடத்தையும் காட்டினார். அதற்கு முந்தைய மாதம்தான் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து ஓபிஎன்சென்ஸைத் தொடங்கியிருந்தது. காஸ்பர் கைகாட்டியது அதை.

பிஎஃப்சென்ஸிலும் ஓபிஎன்சென்ஸிலும் அமைப்பு விவரங்கள் இன்றும் கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் என்ற ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. ஃபிரீநாஸின் பாதை வேறு. 2009-இல் அதை டெபியன் லினக்ஸில் மறுபடி எழுதலாம் என்று எழுந்த யோசனை, திட்டத்தை மூன்றாக உடைத்தது. அதில் ஒரு பகுதி காஸ்பரின் பிஎச்பியை உதறிவிட்டுப் பைத்தானில் புதிதாகத் தொடங்கியது. அந்தப் பிரிவினையை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)